கண்ணாடி அறைக்குள் ஒரு பட்டாசு போர்மேன்

நர்ஸ் வேலையில் முக்கால்வாசி கை கழுவுவது. மிச்சக் கால்வாசி, அடுத்தவரைக் கை கழுவச் சொல்லித் திட்டுவது.

சொந்தக்காரருக்குத் துணையாக நீங்களும் ஒரு நாளாவது ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். "யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்று வள்ளென்று விழுந்த ஒரு நர்சம்மாவை இன்னும் மறந்திருக்க மாட்டீர்கள். அது நானாகவே இருக்கலாம், மன்னித்துவிடுங்கள். ஆமத்தூரில் பஸ் ஏறி, விருதுநகர் வரை நின்றுகொண்டே வந்து, அங்கே இன்னொரு பஸ் மாறி, வார்டுக்குள் கால் வைக்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். மீதிப் பாதியை வைத்துத்தான் உங்களிடம் சிரித்துப் பேச வேண்டும்.

பதினெட்டு வருடமாக நர்ஸ். கடைசி ஏழு வருடம் ஸ்டெம் செல் மாற்று வார்டு. விருதுநகர் தாண்டி நாலுவழிச் சாலையில் இருக்கிற ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். ஆறே ஆறு கண்ணாடி அறை. உள்ளே வரும் காற்றைக்கூட வடிகட்டித்தான் விடுவோம். அந்த ஆறு அறைகளில் நான் பார்த்த மனிதர்களைப் பற்றிச் சொன்னால் நாள் காணாது. இங்கே ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நாலாம் நம்பர் அறை, முனியசாமி அண்ணன்.

பத்துப் பொருத்தம்

முனியசாமி அண்ணனுக்கு ஊர் எம். புதுப்பட்டி. பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருட வேலை, அதில் எட்டு வருடம் போர்மேன். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, ஆறேழு மாதம் மருந்து ஏற்றி, நோய் அடங்கிய பிறகு எங்களிடம் வந்தார். அடங்கிய நோய் திரும்பி வராமல் இருக்கத்தான் இந்த மாற்று சிகிச்சை.

டாக்டர் குடும்பத்தை உட்கார வைத்து விளக்கினார். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜைதான் ரத்தம் தயாராகிற இடம். அண்ணனுக்கு அந்த இடமே கெட்டுப்போயிருக்கிறது. அதைக் கடுமையான மருந்து கொடுத்து மொத்தமாகத் துடைத்துவிட்டு, தங்கச்சியிடமிருந்து எடுக்கிற ஸ்டெம் செல்லை ஏற்றுவோம். அது உள்ளே போய் வேர் பிடித்துவிட்டால் ஆள் பிழைத்தார். பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போகப் பழைய மஜ்ஜையும் இருக்காது. டாக்டர் இதை மூடி மறைக்கவில்லை, மூன்று தடவை சொன்னார். அண்ணனின் வீட்டம்மா ராஜலட்சுமி சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். தங்கச்சி காளீஸ்வரி, திருத்தங்கலில் ஆப்செட் பிரஸ்ஸில் காலண்டர் பைண்டிங் வேலை பார்ப்பவள், நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவளுக்கும் அண்ணனுக்கும் பத்துக்குப் பத்து பொருந்தியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோதுதான் ராஜலட்சுமி வாயைத் திறந்தார். "எங்க கல்யாணத்துக்கே ஏழு பொருத்தந்தான் அமைஞ்சது" என்றார்.

பிறகு டாக்டர், "இது பிடிச்சிருச்சுன்னா உங்க ரத்த குரூப்பே மாறிடும். இப்ப ஓ பாசிடிவ். கொஞ்ச மாசத்துல உங்க தங்கச்சி மாதிரி பி பாசிடிவ் ஆயிடுவீங்க" என்றார். இந்த இடம் வரும்போதெல்லாம், ஏழு வருடமாகியும், எனக்கு மேல் சிலிர்க்கும். பிறந்ததிலிருந்து கூட இருப்பது, சாகும்வரை மாறாது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, அதுவே மாறிவிடுகிறதென்றால் மனுச உடம்பை என்னவென்று சொல்ல? அண்ணன் கேட்டார்: "அப்ப கம்பெனி அடையாள அட்டைய மாத்தி அடிக்கணும்ல டாக்டர்? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா மொதல்ல அதத்தான பாப்பாக."

ஒரு ரூமுக்கு நாலு பேரு

கண்ணாடி அறையின் சட்டதிட்டங்களை ஒரு நோயாளிக்குப் புரிய வைக்க எனக்கு வழக்கமாக மூன்று நாளும் அரைத் தொண்டையும் செலவாகும். இடுப்பில் முறுக்குப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். தலையணைக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தவரைப் பார்த்திருக்கிறேன். "கிருமி எங்க இருக்கு, காட்டு பாப்போம்" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. உங்கள் சொந்தக்காரராகவும் இருக்கலாம், நான் எதுவும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

முனியசாமி அண்ணனிடம் நான் ஆரம்பித்த வேகத்திலேயே முடித்துவிட்டேன். மோதிரம் கூடாது என்றேன், அவர் கையில் மோதிரமே இல்லை. வாட்ச் கூடாது என்றேன், கட்டிப் பழக்கமே இல்லை என்றார். பருத்தித் துணிதான் என்றேன், "நைலான் துணியோட கம்பெனி கேட்டுக்குள்ளயே விட மாட்டோமே" என்றார். கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று ஆளைக் கொல்லும் என்பதை நான் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு கவனப் பிசகு என்ன செய்யும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும், கண்ணால் பார்த்தவர். இப்படி ஒரு நோயாளி கிடைத்தாரே என்று நான் அன்றைக்குச் சந்தோசமாகச் சாப்பிட்டேன்.

ரெண்டாம் நாள் ரவுண்ட்ஸ். டாக்டர், அவர் கூட ரெண்டு ஜூனியர், நான், என்னோடு வேலை பார்க்கிற ரஹ்மத், ஐந்து பேரும் உள்ளே போனோம். ரஹ்மத் விருதுநகர்க்காரி; அவள் அத்தாவுக்குப் பருப்பு, மல்லி மொத்த வியாபாரம்; எங்கள் வார்டிலேயே சின்னவள், வாயில் மட்டும் எல்லாரையும்விடப் பெரியவள். அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கண்ணால் எண்ணினார். போர்மேன் எண்ணுகிற எண்ணிக்கை அது. டாக்டர் அன்றைக்கு எங்களில் மூன்று பேரை வெளியே அனுப்பினார், அதற்கப்புறம் அந்த அறைக்கு ஜூனியர்களைக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை. அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "என்னையும் வீட்டம்மாவையும் சேத்து ஏழு பேரு ஆச்சு டாக்டர். எங்க கம்பெனியில ஒரு ரூமுக்கு நாலு பேருதான் கணக்கு, மூணு பேரு வெளிய நில்லுங்க, கோவிச்சுக்கிடாதீக."

மதினி

ஸ்டெம் செல் கொடுப்பது என்றால் முதுகெலும்பில் ஓட்டை போடுவார்கள் என்று நம் ஜனங்களுக்கு ஒரு பயம். அப்படியெல்லாம் இல்லை. ஐந்து நாள் ஊசி போடுவோம். மஜ்ஜைக்குள் இருக்கிற ஸ்டெம் செல்லெல்லாம் ரத்தத்துக்குள் இறங்கி வரும். வருகிற வழியில் எலும்பை உளைத்து எடுத்துவிடும். காளீஸ்வரி அந்த ஐந்து நாளும் வலியோடு பிரஸ்ஸுக்குப் போனாள். காலண்டர் சீசன், ஆர்டர் குவிந்து கிடக்கிறது என்றாள். ஆறாம் நாள் மிஷினில் படுக்க வைத்தோம். ஒரு கை வழியாக ரத்தம் வெளியே போகும், மிஷின் வேண்டியதைப் பிரித்துக்கொள்ளும், மீதி மறு கை வழியாக உள்ளே வரும். ஐந்து மணி நேரம் ரெண்டு கையையும் மடக்கக் கூடாது.

கையை மடக்கக் கூடாது என்று சொன்ன அடுத்த நிமிடம் மூக்கு அரிக்கும். இது உலக வழக்கு. காளீஸ்வரி மூஞ்சியைக் கோணிக்கொண்டு கிடந்தாள், என்னிடம் கேட்கக் கூச்சம். அப்போதுதான் ராஜலட்சுமி வந்தார். நாத்தனாரும் மதினியும் பேசிக்கொள்வார்கள், அதோடு சரி. எந்தக் காலத்திலோ ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ யாரையோ கவனிக்காமல் விட்ட கதை, ரெண்டு பேரும் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். கண்ணாடி அறையை விட்டு ஒரு தடவை வெளியே வந்தால், திரும்ப உள்ளே போக ராஜலட்சுமி குளித்து, துணி மாற்றி, முதலிலிருந்து எல்லாம் செய்ய வேண்டும். தெரிந்தேதான் வந்தார்.

ஐந்து மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்கைச் சொறிந்தார், நெற்றியைத் துடைத்தார், பிஸ்கட்டை டீயில் முக்கி ஊட்டினார். மிஷின் நின்றதும் நான் ஊசியைக் கழற்றப் போனேன். காளீஸ்வரி கண்ணில் தண்ணீர் நின்றது, வலி என்று நினைத்து என்னம்மா என்று குனிந்தேன். மெதுவாகச் சொன்னாள்: "இருவது வருசத்துல எங்க மதினி என் மூஞ்சியத் தொட்டது இன்னைக்குத்தான் சிஸ்டர். நல்லாத்தான் சொறியுறாக."

இம்புட்டுத்தானா

மாற்று சிகிச்சை நாளன்று எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. ஆபரேசன் தியேட்டர், பச்சைத் துணி, சிவப்பு விளக்கு என்றெல்லாம் நினைத்திருக்கிறார்கள். இங்கே நடந்தது என்ன? தக்காளி ரசத்துக்குக் கொஞ்சம் பால் விட்ட மாதிரி நிறத்தில் ஒரு சின்னப் பை. அதைக் கம்பியில் தொங்கவிட்டு, அண்ணனின் நெஞ்சில் இருக்கிற குழாயில் மாட்டினோம். ஒரு மணி நேரம், முடிந்தது. "மயக்க ஊசி எப்ப போடுவீக?" என்று அவர் கேட்கும்போது பை காலியாகியிருந்தது.

பார்க்க ஒன்றுமில்லைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தப் பையை நான் ரெண்டு கையாலும்தான் பிடிப்பேன். நெஞ்சில் இருக்கிற குழாயில் இறக்கிவிடுகிறோம். அது இதயத்துக்குள் போய், நுரையீரலைச் சுற்றி, உடம்பு முழுக்க அலைந்து, எலும்புக்குள் இருக்கிற தன் இடத்தைத் தானே கண்டுபிடித்து உட்கார்ந்துகொள்கிறது. ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டால் எங்கள் வீட்டுக்காரர் எங்கள் தெருவுக்கே வழி கேட்க வேண்டும். இதற்கு யார் விலாசம் கொடுத்தார்கள்? டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன், அவர் விளக்கினார், விளக்கிய பிறகும் எனக்கு ஆச்சரியம் குறையவில்லை.

ராஜலட்சுமி காலிப் பையைப் பார்த்து, "இம்புட்டுத்தானா?" என்றார். அண்ணன் அவரைக் கையமர்த்தினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "திரியப் பத்த வச்சாச்சு சிஸ்டர். இனி தள்ளி நின்னு பாக்க வேண்டியதுதான்."

எண்ணெயில் முங்கியது

அந்த நாளைச் சைபர் என்று வைத்து நாங்கள் நாட்களை எண்ணுவோம். தினமும் காலையில் ரத்தப் பரிசோதனை. நல்ல மனிதருக்கு வெள்ளையணு ஆயிரக்கணக்கில் இருக்கும், அண்ணனுக்கு நூற்றுக்கும் கீழே போய்விட்டது. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இனி ஏறினால் தங்கச்சியின் அணு ஏறியாக வேண்டும். காளீஸ்வரி தினமும் பதினொரு மணி டீ நேரத்துக்கு பிரஸ்ஸிலிருந்து வார்டு நம்பருக்குப் போன் அடிப்பாள். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். வேறு எதுவும் கேட்க மாட்டாள். "வந்துருச்சா சிஸ்டர்?" "இன்னும் இல்லம்மா." வைத்துவிடுவாள்.

ஆறாம் நாள் அண்ணன் வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு நின்றது, சாப்பாடு குழாய் வழியாக. அன்றைக்குப் போய் சிலேட்டில் 'எண்ணெய் புரோட்டா' என்று எழுதிக் காட்டுகிறார். எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ரஹ்மத் கட்டில் பக்கத்தில் நின்று, தன் தெருமுனைக் கடையில் மாவை வீசுவதிலிருந்து, எண்ணெயில் போட்டுப் பொரித்தெடுப்பது, பிய்த்துப்போட்டு சால்னா ஊற்றுவது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுநாளும் கேட்டார். கிருமி சம்பந்தமாக வாயில் வைக்கக் கூடாத பண்டங்களின் பட்டியலோடு நான் அவளை முறைத்தேன். அவள் சொன்னாள்: "சொல்றதுக்குமா பத்தியம் சிஸ்டர்? அதுவும் எண்ணெயிலயே முங்கி எந்திரிச்சது, எந்தக் கிருமி தாங்கும்?"

தகடு

எட்டாம் நாள் மத்தியானம் அண்ணனுக்குக் காய்ச்சல். நூற்றி ஒன்று. உங்களுக்கும் எனக்கும் நூற்றி ஒன்று என்றால் ஒரு மாத்திரை, ஒரு போர்வை. வெள்ளையணுவே இல்லாத உடம்பில் அது உயிர்ப் பிரச்சினை. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஏற்றினோம். ரத்தம் எடுத்துக் கிருமி வளர்கிறதா பார்க்க அனுப்பினோம். நெஞ்சுக் குழாய், தண்ணீர், சாப்பாடு, படுக்கை விரிப்பு என்று எல்லாவற்றையும் ஒன்றுக்கு ரெண்டு முறை பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. சட்டம் பேசுகிற மனுசன், இவருக்கு எந்த வழியாக வந்தது என்று மண்டை காய்ந்தது.

மறுநாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் ராஜலட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். வந்தார். நான் சொல்லிக்கொடுத்தபடி சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, இருபது எண்ணிக் கை கழுவினார். அப்படி ஒரு கை கழுவலை நான் மாணவிகளிடம்கூடப் பார்த்ததில்லை. கழுவிவிட்டுக் குனிந்தார். குளியலறைக் கதவின் கீழ்ப்பாதியில் பளபளவென்று ஒரு ஸ்டீல் தகடு அடித்திருக்கும், துடைப்பமும் தள்ளுவண்டியும் இடிக்கிற தகடு. அதில் உள்ளங்கையை முழுசாக வைத்தார், ஒரு நொடி நின்றார், பிறகு கட்டிலுக்கு வந்து அதே கையால் உதட்டுக்கு மருந்து தடவினார்.

உள்ளே போய், "என்னண்ணே, எதுக்கு அதத் தொடுறீக?" என்றேன். "எத?" என்று சிலேட்டில் எழுதினார். தொட்டதே அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் கையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. சிலேட்டில் எழுதி எழுதி அழித்து விளக்கினார். கம்பெனியில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் செம்புத் தகடு இருக்குமாம், அதைத் தொட்டு உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டுமாம். தொடாமல் போனால் ஒரு பொறி போதும். இருபத்திரண்டு வருடம், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை. உயிரைக் காப்பாற்றிய பழக்கம். நான் அவருக்கு மூன்று பக்கம் அறிவுரை படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். கை கழுவச் சொன்னேன், கழுவினார். கழுவிய கை தன்னால் எங்கே போகும் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு நான் திட்டியது என்னை மட்டும்தான்.

'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டலாம் என்றேன். ரஹ்மத் சிரித்தாள், கண்ணா போகுது, கைதானே போகுது என்றாள். கையில் தடவும் கிருமி மருந்து பாட்டிலை அந்தத் தகட்டின் மேலேயே, அவர் கை போகிற உயரத்தில் மாட்டினாள். அறைக் கதவிலும் ஒன்று. அதற்குப் பிறகு அவர் கை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதிலிருந்து மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எந்தக் கிருமி என்று கடைசிவரை பிடிபடவில்லை, குடலிலிருந்தும் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் அந்த பாட்டிலுக்குத் 'தகடு' என்றே பேர் நின்றுவிட்டது, அண்ணனின் அதிகாரமும் திரும்பிவிட்டது. வாய்ப்புண் ஆறிப் பேச ஆரம்பித்ததும் டாக்டரிடம் அவர் பேசிய முதல் பேச்சு: "தகட்டத் தொடாம உள்ள வந்துட்டீக டாக்டர். வெளிய போயி தொட்டுட்டு வாங்க."

பலகையில் ஒரு எண்

பன்னிரண்டாம் நாள் ஆனது. பதிமூன்று. பதினான்கு. சிலருக்கு இந்நேரம் அணு தலைகாட்டியிருக்கும். அண்ணனுக்குத் தினமும் அதே பதில், நூற்றுக்கும் கீழே. டாக்டர் வெளியில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் ரிப்போர்ட் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினாலாம் நாள் பதினொரு மணிப் போனில் காளீஸ்வரி, "என் ரத்தந்தான் சரியில்லையோ சிஸ்டர்? அண்ணனுக்கு ஆகலையோ?" என்றாள். நான் சத்தம் போட்டுவிட்டேன். சத்தம் போட்டது எனக்குப் பயம் வந்ததால். அது பிடிக்காமல் போனால் அண்ணன் போவார், அவளும் தன்னால்தான் என்று நினைத்து நினைத்தே உருகிவிடுவாள்.

ஒவ்வொரு அறைக்கு வெளியிலும் பலகையில் அன்றைக்கு எத்தனையாம் நாள் என்று எழுதுவோம். பதினாறாம் நாள் காலை நான் எழுதிவிட்டுத் திரும்பினேன், கண்ணாடிக்கு உள்ளே ராஜலட்சுமி கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். அதை அழிச்சிருங்க என்று சைகை. எனக்கு உடனே விளங்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் போனேன். "அந்த எண்ணிக்க வேணாம் சிஸ்டர். செத்தவுகளுக்குத்தான் பதினாறு எண்ணுவோம்" என்றார். பதினைந்து நாளாகத் திடமாக நின்ற பெண்பிள்ளை, குரல் உடைந்துவிட்டது. எங்கள் வார்டில் எத்தனையோ பதினாறை எழுதியிருக்கிறேன், அதற்கு வீட்டில் என்ன அர்த்தம் என்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. யோசித்தவர்கள் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

அழித்தேன். ரவுண்ட்ஸில் டாக்டர் நின்றார். எழுதாத பலகையை அவர் லேசில் விடமாட்டார். "இன்னைக்கு எத்தனாவது நாள், ஏன் எழுதல?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் ரஹ்மத் முந்திக்கொண்டாள். அவள் சட்டைப் பையில் மூன்று மார்க்கர் பேனா துருத்திக்கொண்டிருந்தது. டாக்டர் பேனாக்களைப் பார்த்தார், கண்ணாடிக்கு உள்ளே ராஜலட்சுமியைப் பார்த்தார், மேலே ஒன்றும் கேட்காமல் நகர்ந்துவிட்டார். அவரும் நம் பக்கத்து ஆள்தானே. ரஹ்மத் சொன்னது: "மார்க்கர் மை தீந்துபோச்சு டாக்டர், நாளைக்கு வந்துரும்."

பதினொரு மணிக்கு முன்னால்

பதினேழாம் நாள் ரிப்போர்ட்டில் இருநூறு என்று வந்தது. நான் நம்பவில்லை. லேபுக்குப் போன் போட்டு இது நாலாம் நம்பர் அறை ரத்தம்தானா என்று கேட்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். டாக்டர், "ஒண்ணும் சொல்லாதீங்க, பாப்போம்" என்றார். அன்றைக்குக் காளீஸ்வரியிடம் 'இன்னும் இல்லம்மா' என்று சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பதினெட்டில் நானூறு. பத்தொன்பதில் எழுநூறு. வெறும் எண்தான். ஆனால் ஒரு பெண்ணின் எலும்புக்குள் இருந்தது இன்னொரு மனுசனின் எலும்புக்குள் குடியேறி, யாரும் சொல்லாமலே ரத்தம் தயாரிக்க ஆரம்பித்திருக்கிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். இதில் வெட்கம் என்ன?

டாக்டர் அண்ணனிடம் போய், "பிடிச்சிருச்சு" என்றார். அண்ணன் ராஜலட்சுமி கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் என்னிடம் திரும்பி, "தங்கச்சிக்கு நீங்களே சொல்லிருங்க" என்றார். பதினொரு மணிவரை என்னால் காத்திருக்க முடியவில்லை. நானே பிரஸ்ஸுக்குப் போன் போட்டேன். யாரோ எடுத்து, கத்திக் கூப்பிட்டு, அவள் ஓடி வருகிறவரை மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தானாகப் போன் வந்தால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? அவள் எடுத்ததும் மூச்சுதான் வந்தது. நான் ஒரே மூச்சில், "எழுநூறு, காளீஸ்வரி. பிடிச்சிருச்சு. உன் அணுதான். அண்ணன் நல்லா இருக்காரு" என்றேன்.

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கூச்சத்தோடு கேட்டாள்: "அப்ப இனி நான் ஆட்டுச் சுவரொட்டிக் கறி திங்கிறத நிப்பாட்டிக்கிடலாமா சிஸ்டர்? எனக்குச் சின்னதுலருந்தே அந்த வாடையே ஆகாது. ரத்தம் ஊறும்பாகல்ல, அங்கன போனது என் அணுதான, இங்கன நான் தின்னா அதுக்குத் தெம்பு கெடைக்குமேன்னு தெனமும் மூக்கப் பொத்திக்கிட்டுத் தின்னேன்."

பதினெட்டு வருட நர்ஸ் வேலையில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத வைத்தியத்தை நான் சொன்னது அந்த ஒரு தடவைதான்: "எதுக்கும் இன்னும் ஒரு வாரம் தின்னுரு, காளீஸ்வரி."